புல்லட்டிலிருந்து சைடு வீலுக்கு

நான் ஓட்டும் ஸ்கூட்டரை ஊரில் எல்லாரும் மூணு சக்கர வண்டி என்றுதான் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் நாலு இருக்கிறது. ஆக்டிவாவின் பின் சக்கரம் அதன் இடத்திலேயே இருக்க, இரும்புச் சட்டம் வைத்துப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னச் சக்கரங்கள். அரசாங்கக் காகிதத்தில் ‘இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்று ரயில் நீளத்துக்குப் பெயர், மெக்கானிக் கடையில் வெறும் சைடு வீல். நான் இதற்கு மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் 24 வருஷம் புல்லட்.

1998 மாடல், 350. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக் ஓட்டிப் பழகியவர்கள் வாங்கிப் போனால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிட்டு முழிப்பார்கள், அதனால் யாரும் என் வண்டியை இரவல் கேட்டதில்லை. நல்ல வசதி அது. எனக்குச் சர்க்கரை. செருப்புக்குள் கிடந்த ஒரு சின்னக் கல்லோடு நாள் முழுக்க நடந்திருக்கிறேன், உள்ளங்காலுக்குத் தெரியவே இல்லை. நாலு மாதம் கழித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன், இது வண்டிக் கதை.

செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகியதும் முதலில் வாங்கியது சாதா ஆக்டிவாதான். கியரும் இல்லை, காலில் பிரேக்கும் இல்லை, இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். ஓடும்போது ஒன்றும் பிரச்சினை இல்லை, நிற்கும்போதுதான். நம் ரோடு இடது ஓரம் பார்த்துச் சரியும், வண்டி நின்றால் நாம் ஊன்றுவதும் இடது காலைத்தான். அந்தக் கால் தரையைத் தொட்டதா, மணலில் வழுக்குகிறதா என்று எனக்குச் செய்தியே வராது. தில்லை நகர் சாஸ்திரி ரோட்டில் ஒரு தடவை, வீட்டு வாசலிலேயே ஒரு தடவை, இரண்டும் நின்ற வண்டியோடு விழுந்தது. ஓட்டிக்கொண்டிருந்து விழுந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருக்கும். இரண்டாவது தடவை பின்னால் என் மனைவியும் இருந்தாள். அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணு சைடு வீல் போடுங்க, இல்லேன்னா இனிமே நான் ஆட்டோவுல வரேன்”னு சொன்னாள். அதோடு பேச்சு முடிந்தது.

மறுப்பதற்கு எனக்கு ஒரே காரணம்தான் இருந்தது, வெட்கம். சைக்கிள் பழகும் குழந்தைக்குத்தானே பக்கச் சக்கரம் போடுவார்கள்?

சக்கரம் மாட்ட அரை நாள் போதும். காகித வேலைதான் மாதக்கணக்கு. ஆர்சியில் மாற்றத்தைப் பதிய வேண்டும், என் லைசென்ஸில் இருந்த கியர் பைக் அனுமதி இதற்கு உதவாது, வேறு வகை சேர்க்க வேண்டும், கூடவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. நான் போன அலுவலகத்தில் அந்தக் கவுன்டர் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் ரொம்ப காலமாக இந்த வகைக்கு ‘இன்வேலிட் கேரேஜ்’, அதாவது உடல் முடியாதவர் வண்டி என்று பெயர், 2019 திருத்தத்தில்தான் ‘அடாப்டட் வெஹிக்கிள்’ ஆக்கினார்கள். இன்வேலிட் என்றால் நமக்குத் தெரிந்த அர்த்தம் செல்லாது என்பதுதான். செல்லாத வண்டிக்கு எதற்கு லைசென்ஸ் என்று புரோக்கரிடம் கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, ஓட்டும் விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால்தான் எழுதவே உட்கார்ந்தேன். பைக் ஓட்டத் தெரியாதவர் இந்த வண்டியை ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவார். பைக் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் ஆபத்து.

பைக்கில் வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப நாம் என்ன செய்கிறோம்? ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புகிறோம் என்றுதான் சொல்வோம், உண்மையில் அப்படிச் செய்வதில்லை. இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ளுகிறோம், அதாவது முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் பார்க்கிறது, அதில் வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த பிறகுதான் திரும்புகிறது. கைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. 24 வருஷம் என் கை இதைத்தான் செய்துகொண்டிருந்தது. சைடு வீல் வண்டி சாயாது. இடது கைப்பிடியைத் தள்ளினால் அது மரியாதையாக வலப்பக்கம் போகும்.

பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழகப் போனேன். முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. இடப்பக்கம் திரும்ப நினைத்தேன், வண்டி வலப்பக்கம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் ஸ்டம்பைப் பார்த்துக் கிளம்பியது, பதறி இன்னும் அழுத்தித் தள்ளினேன், இன்னும் வேகமாக அங்கேயே போனது. கீப்பர் ஓடிவிட்டான், ஸ்டம்பு மூன்றும் காலி. “அங்கிள், அவுட்டு!” என்று ஒருத்தன் கத்தினான்.

கற்றுக்கொடுத்தது எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் தம்பி. யோசித்தால் நியாயம்தான், ஹேண்டில் பிடித்து மூன்று சக்கரம் ஓட்டுகிறவர்கள் ஊரில் அவர்கள்தானே. “அண்ணே, பைக்க மறந்துடுங்க. எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் ஹேண்டில திருப்புங்க, அவ்ளோதான். திரும்புறதுக்கு முன்னாடியே பிரேக்க புடிச்சிடுங்க. உடம்ப மட்டும் உள்பக்கமா போடுங்க, இல்லேன்னா உள் சக்கரம் தூக்கும்.” வளைவில் பைக் நம்மைச் சேர்த்துக்கொண்டு உள்ளே சாயும், இது நம்மை வெளியே தள்ளும். முதல் ஒரு மாதம் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ பக்கத்திலிருந்து இடிப்பது மாதிரியே இருந்தது.

அடுத்தது கால். வண்டி நிற்கப்போகிறது என்றால் வலது கால் தானாக இறங்கும், இருக்கிற நல்ல கால் அது ஒன்றுதானே. ஆனால் பின்னால் சைடு வீல் வருகிறது. ஒரு தடவை குதிகாலில் ஏறி இறங்கியது. ஷூ போட்டிருந்ததால் தப்பித்தேன். அன்று முதல் வண்டி ஓடும்போது கால் பலகையை விட்டு இறங்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன், சிக்னலில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோடு இவ்வளவு மோசம் என்பதே இப்போதுதான் தெரிகிறது. காருக்குப் பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டும் வசதி உண்டு, பைக்குக்கு ஒதுங்கிப் போகும் வசதி உண்டு, எனக்கு இரண்டும் இல்லை, நடுவிலும் சக்கரம், ஓரத்திலும் சக்கரம். ரோடு இடப்பக்கம் சரிந்தால் பைக் நிமிர்ந்து போகும், இது ரோட்டோடு சேர்ந்து சரியும், அதனால் ஹேண்டில் எப்போதும் இடப்பக்கம் இழுக்க, நான் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டும். சமயபுரம் போய் வந்த அன்று ராத்திரி தோளுக்குத் தைலம். இன்னொன்று, எஞ்சின் இழுப்பது நடுச் சக்கரத்தை மட்டும்தான், ஓரத்து இரண்டும் சும்மா உருளும். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் இரண்டு ஓரமும் மேடு, நடுவில் குழி. நடுச் சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் வந்து தள்ளினார்கள். ஹார்லி டேவிட்சன் மாதிரி கம்பெனிகள் செய்யும் மூன்று சக்கர பைக்கில் பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, அவர்கள் 1932லேயே ‘சர்வி கார்’ என்று ஒன்று செய்து 1973 வரைக்கும் விற்றிருக்கிறார்கள், அமெரிக்க போலீஸ்காரர்கள் நோ பார்க்கிங் பிடிக்கப் போனதெல்லாம் அதில்தான். அந்த விலைக்கு எனக்கு எங்கே போவது.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், நிறையும் உண்டு. சிக்னலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மழையில், மணலில், மாட்டுச் சாணத்தில் வழுக்கும் பயம் இல்லை. 25 கிலோ அரிசி மூட்டை முன்னால், மனைவி பின்னால், கைத்தடி ஓரத்துக் கிளிப்பில். புல்லட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தவள் இப்போது வழி முழுக்கப் பேசிக்கொண்டு வருகிறாள், இது நிறையா குறையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இடுக்கில் புகுந்து முன்வரிசைக்குப் போகும் வேலை மட்டும் நடக்காது, கார்களுக்குப் பின்னால் வரிசையில்தான் நிற்க வேண்டும். வீட்டு கேட் தூணில் இடது சைடு வீலால் நான் போட்ட கோடுகள் ஏழு இருக்கின்றன. வண்டியின் அகலம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, கண்ணில் படாது.

புல்லட்டை விற்கவில்லை, என் அக்கா மகன் வைத்திருக்கிறான். போன பொங்கலுக்கு அதில்தான் வந்திறங்கினான், தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டு நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாமா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?” என்றான். தெருவைத் தாண்டாதே என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கோலத்தை அழித்து, பூந்தொட்டி ஒன்றை உடைத்து, திரும்பி வரும்போது கேட் தூணில் எட்டாவது கோட்டைப் போட்டுவிட்டு இறங்கினான்.

“என்ன மாமா இது, வேணும்னே எதிர்ப்பக்கம் போகுது!”