மூணு மாடி, ஒரு நிமிஷம்: நாற்பதைத் தாண்டிய இதயத்துக்கு

மும்பைப் பக்கம் டோம்பிவிலியிலிருந்தும் முலுண்டிலிருந்தும் லோக்கல் ரயிலில் நின்றபடியே வேலைக்குப் போய்வரும் நம்மவர்களிடம் தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள் என்றால் அது நடக்கிற காரியமில்லை. ஆனால் பில்டிங்கில் மாடிப்படி இருக்கிறது.

2022 டிசம்பரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 25,241 பிரிட்டன்காரர்களின் அசைவை மணிக்கட்டுக் கருவியால் அளந்திருந்தார்கள். அன்றாட வேலைகளுக்கு நடுவே தினம் மூன்று தடவை, ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்க உழைத்தவர்களிடையே இதயநோய் இறப்பு, அப்படி உழைக்காதவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறையப் பாதியாக இருந்தது. இது ஆட்களைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுதான், சோதனை செய்து பார்த்தது அல்ல. உழைப்பு மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் உடலியல் பொருந்துகிறது. ரத்தம் வேகமாகப் பாயும்போது ரத்தநாளத்தின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்க, நாளம் தளர்கிறது. தொடைத் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது.

மாடிக்கு 20 படி என்றால் மூன்று மாடிக்கு 60. உங்கள் படிகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் சாதாரண நடையில் ஏறினால் போதும். பிறகு இரண்டு நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறுங்கள். மேலே போனதும் நாலைந்து வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச வரக்கூடாது. போனில் அரட்டை அடிக்க முடிகிறதென்றால் வேகம் போதவில்லை. ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, நாளுக்கு மூன்று தடவை. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் என்ற பி.பி. மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது; வாட்சைப் பார்க்காமல் மூச்சை மட்டும் கவனியுங்கள்.

மேலே போனதும் சட்டென்று நிற்பதுதான் பலரும் செய்கிற தப்பு. ரத்தம் காலில் தங்கி, தலை சுற்றும். இரண்டு நிமிடம் வராந்தாவில் உலாத்துங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் பி.பி. எகிறும். முட்டி வலி உள்ளவர்கள் லிஃப்டில் இறங்கலாம், இறங்கும்போதுதான் முட்டிக்குச் சுமை அதிகம். ஹவாய் செருப்பு வேண்டாம், மழைக்காலத்தில் ஈரப் படி வேண்டாம், ஆபீஸ் நேர நெரிசலில் ஸ்டேஷன் பாலம் வேண்டவே வேண்டாம்.

பி.பி., சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்களும், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேகம் கூட்ட வேண்டாம். அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். ஓய்வாக இருக்கும்போதே பி.பி. 180/110 காட்டினால் அன்றைக்குப் படியேற்றமே கிடையாது.

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை, இதில் எது வந்தாலும் உடனே உட்காருங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து நேரத்தைப் போக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-க்கு அழையுங்கள், வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.