ஆம் எனில், அதன் விவரம்

சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தேன். கறுப்பு கோட்டு, சிவில் நீதிபதித் தேர்வு, இரண்டும் ஒத்துவராவிட்டால் வங்கியில் சட்ட அலுவலர் என்று மூன்று வழிதான் எங்கள் வகுப்பில் பேச்சு. எம்.பி. ஒருவருக்கு ஆய்வு உதவியாளராகப் போகலாம் என்பதே கடைசி வருடம் மெஸ்ஸில் ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரியும். நாடாளுமன்ற, சட்டமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு நடத்தும் லேம்ப் ஃபெல்லோஷிப். 25 வயதுக்குள் இருக்க வேண்டும், எந்தப் பட்டமானாலும் சரி. மழைக்காலக் கூட்டத்தொடரில் ஆரம்பித்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை வேலை.

கிடைத்துவிட்டது. "கோர்ட்டுக்கே போகாத வக்கீலா?" என்றார் அப்பா.

டெல்லி நார்த் அவென்யூவில் எங்கள் எம்.பி.யின் வீட்டு முன்னறைதான் அலுவலகம். முதல் வாரமே மக்களவைக்குக் கேள்வி எழுதச் சொன்னார்கள். மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டியில், பரிசு வாங்கிய திமிர் எனக்கு. இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, ஒரு சட்டத்தின் பிரிவைக் காட்டி, இது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்கு முரணில்லையா என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். எம்.பி.யின் உதவியாளர், அந்த வேலையிலேயே தலை நரைத்தவர், படித்துவிட்டுச் சிரித்தார். "அனுப்பிப் பாருங்க தம்பி."

திரும்பி வந்தது. மக்களவை நடைமுறை விதிகளில் 41ஆம் விதியை அப்புறம்தான் எடுத்துப் படித்தேன். கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல் எதுவும் கூடாது. கருத்து கேட்கக் கூடாது. வெறும் சட்டப் புதிரை அவிழ்க்கச் சொல்லவும் கூடாது. ஒரே கேள்வியில் பாதி விதியை மீறியிருந்தேன். அடுத்தது காவல் நிலையக் காலியிடங்கள் பற்றி. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஒன்றிய அரசிடம் ஏன் கேட்கிறாய் என்று அதுவும் போச்சு. ஒன்றியத்துக்கு எது, மாநிலத்துக்கு எது என்று பிரிக்கும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவன் நான்.

மூன்றாவது கேள்விக்கு அந்த உதவியாளரே பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக அப்போது 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ் என்ற தனி வரி வசூலித்தார்கள். அதைப் பற்றி மூன்று வரி:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் மாநில வாரியாக வசூலான தொகை எவ்வளவு;
(ஆ) அதில் செலவிடப்பட்டது எவ்வளவு;
(இ) செலவிடப்படாத தொகை உள்ளதா. ஆம் எனில், அதன் விவரம் மற்றும் காரணம் என்ன?

"இவ்வளவுதானா சார்?" என்றேன்.

"கோபத்தை நீங்க எழுதாதீங்க. எண்ணைக் கேளுங்க."

அமைச்சகத்தின் பதில் இணைப்பில் ஒரு அட்டவணையாக வந்தது. வசூலுக்கும் செலவுக்கும் நடுவில் கிடந்த பள்ளத்துக்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை. பிறகு எம்.பி. ஒரு விவாதத்தில் அந்த எண்களைப் படித்தபோது டிவியில் பார்த்தேன். என் பெயர் எங்கும் வராது, வரவும் கூடாது. அதற்குப் பழக எனக்குக் கொஞ்சம் நாளானது.

வெள்ளி பிற்பகலில் வரும் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா, ஒன்றையும் எழுதினேன். அது விவாதத்துக்கே வரவில்லை. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. ஆனால் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. அதன் பிறகு அரசே தன் மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019இல் வந்த சட்டம் சிவா எழுதியது மாதிரி இல்லை என்பது வேறு கதை.

ஜூனியர்கள் போன் செய்தால் முதலில் இந்த ஃபெல்லோஷிப்பின் சங்கடங்களைத்தான் சொல்கிறேன். ஒப்பந்த வேலை, ஒரு வருடம்கூட ஓடாது. பின்னால் முழுநேரச் சம்பள வேலை எதிலாவது சேர்ந்தால் பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். நீதிபதித் தேர்வு கனவென்றால் இன்னும் யோசிக்கணும்: உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மூன்று வருட வக்கீல் அனுபவம் கட்டாயம்.

நான் ஊர் திரும்பி, இப்போது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உதவி சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர். வாயில் நுழையாத பதவிப் பெயர். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்குக் குற்ற வழக்கில் ஆஜராகிற வேலை. அப்பாவுக்கு ஒருவழியாகத் திருப்தி, கோர்ட்டுக்குப் போகிறேனே. போன வாரம் ஒரு ஜாமீன் மனுவை எழுதி முடித்துப் பார்த்தால், உணர்ச்சிகரமாக ஆரம்பித்த இரண்டு பத்தியை என்னையறியாமல் அடித்து நீக்கியிருந்தேன். மிச்சம் இருந்தது (அ), (ஆ), (இ).