சூரியன் கண்ணில் பட்ட நாள்

நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோவில் நான் வந்து இறங்கியது ஒரு நவம்பர் கடைசியில். 27ஆம் தேதி தொடங்கி ஜனவரி 15 வரை இங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு வெளிச்சம், பிறகு இருட்டு.

மொழி வகுப்பில் அந்தக் கிழமை படித்தது 'ஃபோ ஒய்யெ போ'. பிரித்தால் பெறு, கண், மேல். ஒன்று சட்டென்று கண்ணில் படுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சும்மா பார்ப்பதற்கு 'சே' இருக்கிறது. தேடியதோ தேடாததோ, கண்ணுக்கு அகப்படுகிற அந்தக் கணத்துக்குத்தான் இது. மூடுபனியில் அரைகுறையாகத் தெரிந்தால் 'ஷிம்தெ'.

எனக்கு அது வாயில் வரவே இல்லை. தமிழில் பொருள்தான் வந்து நம் கண்ணில் படும். "திறப்பு கண்ணில் தட்டுப்படவில்லை" என்போம். இங்கேயோ ஆள்தான் எழுவாய், கண்ணைக் கொண்டுபோய் அதன்மேல் போட வேண்டும். "கண் வைத்தேன்" என்று மனதுக்குள் மொழிபெயர்த்தால் அம்மம்மா உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வருவா!

பழக்கிவிட்டது மகளின் பாலர் பள்ளி ஆசிரியைதான். பிள்ளையின் கறுப்பு ஜாக்கெட்டைப் பார்த்தவுடனே, ஒளி பட்டால் மின்னுகிற வில்லை ஒன்றை அதில் கொளுவிவிட்டார். இது இல்லாவிட்டால் விளக்கைத் தாழ்த்தி வரும் சாரதிக்கு 25, 30 மீட்டர் கிட்ட வந்த பிறகுதான் ஆள் தெரியும். இருந்தால் 140 மீட்டரிலேயே தெரியும். இதை விளக்கும்போது ஒவ்வொரு முறையும் 'ஃபோ ஒய்யெ போ' என்றார். என் பிள்ளையின் உயிரோடு சேர்ந்த சொல் என்றதும் அது மறக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு மின் அடுப்பில் பால் பொங்கியது. யன்னலில் மலைதான் நின்றது. கும்பிடச் சூரியன் இல்லாமல் பொங்கியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜனவரி 21 இந்த ஊருக்குச் சூரிய நாள்; மலைகளைத் தாண்டிச் சூரியன் மறுபடி கண்ணுக்குத் தெரிகிற நாள். பிள்ளைகளுக்கு ஜாம் வைத்த இனிப்பு பணிஸ் கொடுப்பார்கள். மகளைக் கூட்டிவரப் போனேன். வழித்துக் குவித்த பனிமேட்டின் உச்சியில் நின்று, வாயெல்லாம் சீனியோடு, தெற்கே கையைக் காட்டிக் கத்தினாள்: "யாய் ஃபிக் ஒய்யெ போ சூலா!"

"எங்கே பிள்ளை? எனக்கு இன்னும் கண்ணில் படவில்லை" என்றபடி நானும் பனியில் ஏறினேன்.