சட்டப்படிதானே சார்?

பிளஸ் டூ வரலாறு எடுப்பவர்களுக்குத் தெரியும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வகுப்பில் நன்றாக எடுபடும். தூங்குகிற கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். பாடத்தில் நாலு வரி இருந்தால் நான் ஒரு முழு பீரியட் எடுத்துக்கொள்வேன்.

1955 டிசம்பர் 1, மாண்ட்கோமரி நகரப் பேருந்து. வெள்ளையருக்கு ஒதுக்கிய முன் இருக்கைகள் நிரம்பிவிட்டன, ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அதற்குப் பின்னால் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கு கறுப்பினத்தவரை எழுந்திருக்கச் சொல்கிறார் ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக். மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். ரோசா பார்க்ஸ் எழவில்லை. கைது, 10 டாலர் அபராதம், அதன்மேல் நீதிமன்றச் செலவு 4 டாலர். அப்புறம் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு. இந்த இடத்தில் கொஞ்சம் குரலை உயர்த்துவேன்.

அப்படி உயர்த்தியிருந்தபோதுதான் அந்தப் பையன் எழுந்தான். அவன் அப்பா தனியார் பேருந்தில் ஓட்டுநர்.

"அந்த டிரைவருக்கு என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. 1974 வரைக்கும் அதே வேலையிலதான் இருந்தார். 2002-ல இறந்துட்டார். என் வேலையைத்தானே செஞ்சேன்கிற மாதிரிதான் கடைசிவரை பேசினார்."

"சட்டப்படிதானே சார் செஞ்சார்?"

"ஆமாப்பா. சட்டமே தப்பா இருந்துச்சு. அதை மாத்தத்தான் போராடினாங்க."

"சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்த "ஆமாப்பா" இன்னும் உறுத்துகிறது. தெரியாமல் சொன்னதில்லை. வேறு காலி இடம் இல்லாதபோது, உட்கார்ந்திருப்பவர் இடத்தைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதில்லை என்று அந்த நகரத்தின் விதியிலேயே இருந்தது. யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை ஓட்டுநருக்குக் கொடுத்த அதே விதிதான். ஆனால் இடம் இருக்கிறதோ இல்லையோ, எழுப்புவதுதான் பழக்கம். எழுப்பினார்கள், எழுந்தார்கள். பிளேக் அன்று செய்தது சட்டத்தைவிட ஒரு படி மேலே. பார்க்ஸுக்கு அவர் புதியவரும் இல்லை. 1943-லேயே பின்வாசல் வழியாக ஏறு என்று வற்புறுத்தி அவரைப் பேருந்தைவிட்டு இறக்கியவர்.

இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "ஆமாப்பா" என்றேன்.

காரணம் இருக்கிறது. சட்டம் தப்பு, போராடினார்கள், சட்டம் மாறியது என்றால் பாடம் ஒரே கோட்டில் போகும். கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயதுப் பெண் அதே ஆண்டு மார்ச்சிலேயே எழ மறுத்துக் கைதானதையும், வழக்கு நடத்திய நான்கு பெண்களில் அவரும் ஒருவர் என்பதையும், 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றதையும் அடுக்கிக்கொண்டே போகலாம். எழுப்பச் சொன்னது சட்டமே இல்லை, பழக்கம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கோடு நேராக நம் ஊருக்குத் திரும்பிவிடும்.

ஏனென்றால் நம்மிடம் சட்டம் முன்பே சரியாக இருந்தது. 1950-லேயே அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 ஜூன் 1. ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததற்குச் சரியாக ஆறு மாதம் முன்னால். கடை, கிணறு, கோயில், பொது வாகனம் எல்லாம் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25, தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தை விட மறுத்தார்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது. அவ்வளவு வசதியானவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். இதை எந்தச் சட்டத்தை மாற்றிச் சரிசெய்வது? அந்தக் கேள்வியை வகுப்பில் ஒருவன் கேட்டால் என்ன சொல்வது?

என் வகுப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் இன்டர்வெலில் யாரை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தமிழாசிரியரிடம் சொன்னபோது, "அமெரிக்காக்காரனோட நிறுத்திக்கிட்டது நல்லது சார், ஏன் வம்பு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிபடப் போவது நான் இல்லையே, பிள்ளைகள்தானே.

இப்படிச் சொல்லிச் சமாதானம் ஆகும்போதுதான் இன்னொன்று தோன்றும். பிள்ளைகளுக்காக என்று சொல்வதும் வேலையைத்தானே செய்தேன் என்று சொல்வதும் எவ்வளவு தூரம்? கொஞ்சம் தூரம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் தூரமே இல்லை என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் யாரையும் எழுப்பவில்லை.

அந்தப் பையன் கேட்டது பிளேக்கைப் பற்றியே இல்லையோ என்றும் சில நாள் நினைப்பேன். அப்பா ஓட்டுகிற பேருந்தில் ஏதோ பார்த்திருக்கலாம். ஒன்றுமே பார்க்காமலும் இருக்கலாம், டிரைவர் என்ற வார்த்தைக்காகக் கேட்டிருக்கலாம். ஒரு கேள்வியில் இவ்வளவு ஏற்றிவைப்பது வாத்தியார் புத்தி.

இந்த வருடம் நகர விதியைச் சொன்னேன். காலி இடம் இல்லாவிட்டால் எழுப்பக் கூடாது, ஆனால் எழுப்பினார்கள் என்று கரும்பலகையில் எழுதியே போட்டேன். 1955 ஜூன் 1 பற்றி வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"அப்ப அந்த மூணு பேர் ஏன் சார் எழுந்தாங்க?"

"வீட்டுக்குப் போகணும்ல" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுத வேண்டாம் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.