தண்ணீர் போன வழியில்: ஹார்ட்ஸ் மலை நாட்குறிப்பு

5 ஜூன் 2025, வியாழன் இரவு, கோட்டிங்கன்

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, திங்கள் பெந்தகோஸ்தே விடுமுறை, ஆக நான்கு நாள் கையில் இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் ஹார்ட்ஸ் மலைக்கு சைக்கிளில் போகிறேன். பெரிய மலை இல்லை, உச்சியே 1,141 மீட்டர்தான், நம் ஏற்காட்டை விடக் குறைவு. ஆனால் சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்குக் காடு, காட்டுக்குள் எங்கு பார்த்தாலும் மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட சரளைப் பாதைகள். ஊரில் கிராவல் என்றால் லாரியில் வந்து கொட்டும் செம்மண். இங்கே கிராவல் சைக்கிள் என்றால் ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பாரும் சரளையில் ஓடும் தடித்த டயரும் உள்ள வண்டி.

டயர் 45 மில்லிமீட்டர், உள்ளே டியூப் கிடையாது, பஞ்சரைத் தானாக அடைக்கும் திரவம் ஊற்றியிருக்கிறேன். காற்று முன்னால் 2.1 பார், பின்னால் 2.3. இதற்கு மேல் ஏற்றினால் வண்டி கல்லில் துள்ளும், குறைத்தால் ரிம் அடிபடும். மழை வரும் என்கிறார்கள். வரட்டும்.

6 ஜூன், வெள்ளி, கிளவுஸ்தால்

கிரையன்சனில் ரயில் மாறி கோஸ்லாரில் இறங்கினேன். கிரானே நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டுப் பாதையில் ஏறி, ஹானன்கிளேயில் 1908இல் கட்டிய மரத் தேவாலயத்தின் வாசலில் ரொட்டி தின்றுவிட்டு, மாலைக்குள் இங்கே வந்துவிட்டேன். தூரம் அதிகமில்லை, முப்பது சொச்சம். ஏற்றம்தான் தொடையைப் பதம் பார்த்தது.

பாதையைவிட மனதில் நிற்பது மரங்கள். ஒரு வளைவு திரும்பினால் மலைச்சரிவு முழுக்க வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள், பட்டை உரிந்து, கிளை உதிர்ந்து, கம்பம் நட்ட மாதிரி. 2018இலிருந்து அடுத்தடுத்து வந்த வறட்சியில் மரங்கள் வலுவிழந்தன. ஸ்புரூஸின் வேர் ஆழம் போகாது, ஈரம் இல்லாவிட்டால் பிசின் சுரக்காது, பிசின் இல்லாவிட்டால் பட்டையைத் துளைக்கும் வண்டை விரட்ட அதனிடம் வேறு எதுவும் கிடையாது. கீழ்ச்சரிவுகளில் இயற்கையாக இருக்க வேண்டியது பீச் மரம். சுரங்கத்துக்குச் சீக்கிரம் மரம் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக ஸ்புரூஸை மட்டும் நட்டுக்கொண்டே வந்தார்கள், வண்டுக்கு அது விருந்தாகப் போயிற்று. முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இன்று அடியில் குனிந்து பார்த்தேன், ரோவன், பிர்ச் கன்றுகள் இடுப்பளவுக்கு வந்திருக்கின்றன.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்ட மரங்களை வெட்டி ஏற்ற வந்த லாரிகளுக்காகப் பல பாதைகளில் புதிதாக ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், வரைபடத்தில் நல்ல சரளை என்று இருப்பது நேரில் முஷ்டி அளவு கல்லாக இருக்கலாம். மரம் வெட்டுகிறார்கள் என்று குறுக்கே நாடா கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி. பட்ட மரம் காற்றில்லாமலேயே விழும்.

7 ஜூன், சனி, ஆல்டனாவ்

காலையில் கியர் மாறவில்லை. பிரித்துப் பார்த்தால் கேபிள் உள்ளேயே நைந்து இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பையில் மாற்றுக் கேபிள் இருந்தது, விடுதி வாசலில் உட்கார்ந்து மாட்டினேன், முக்கால் மணி நேரம். வெளியே தூறல்.

புது கேபிளைக் கையில் பிடித்தபோதுதான் உறைத்தது, முறுக்கிய இரும்புக் கம்பிக் கயிற்றைச் சுரங்கத்தில் முதலில் ஓட்டிப் பார்த்தது இதே கிளவுஸ்தாலில்தான். 1834இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி, சங்கிலி அறுந்து அறுந்து தொல்லை கொடுத்ததால், நான்கு நான்கு கம்பியாக மூன்று புரி முறுக்கி ஒரு கயிறு செய்தார். அந்த ஊரிலேயே என் கேபிள் நைந்துபோனது. அதன் துண்டைத் தூக்கிப் போடவில்லை, பையில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் கிளம்பி டாம்கிராபன் வாய்க்காலைப் பிடித்தேன். நான் இந்த மலைக்குத் திரும்பத் திரும்ப வருவதே இதற்காகத்தான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இங்கே வெள்ளியும் ஈயமும் தோண்டினார்கள். குழி ஆழமாக ஆழமாகத் தண்ணீர் ஊறும், அதை இறைக்கச் சக்கரம் வேண்டும், சக்கரத்தைச் சுற்றவும் தண்ணீர்தான் வேண்டும். அதனால் மலை முழுக்கக் குளம் வெட்டி, குளத்துக்குக் குளம் வாய்க்கால் இழுத்து, குறுக்கே மேடு வந்தால் குடைந்து கொண்டுபோனார்கள். இடைக்காலத்தில் சிஸ்டெர்சியன் துறவிகள் தொடங்கிய வேலை, 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பெரிதாக வளர்ந்தது. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றும் 65 குளமும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வாய்க்காலும் தண்ணீரோடு இருக்கின்றன.

வாய்க்கால் வேகமாக இறங்கினால் தண்ணீரின் உயரம் வீணாகிவிடும். அதனால் மலையின் மடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் போய் வளைந்து, ஒரே மட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஓடும்படி வெட்டினார்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஆள் நடப்பதற்குக் கரையில் பாதை. மலைக்குள் இருந்துகொண்டே ஏறாமல் இறங்காமல் மணிக்கணக்கில் போகலாம். மிதிக்கவே தோன்றாது, தண்ணீர் என்னைக் கூட்டிக்கொண்டு போவது போல இருக்கும். காட்டில் நல்ல வழி தேடி நான் எத்தனையோ இரவு வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், இவர்களோ மட்டப்பலகையோடு நின்று இதைக் கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள். கரை குறுகும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அது நடப்பவர்களின் வழி, அதோடு டயர் கரையை அரித்தால் வாய்க்கால் உடையும்.

ஷ்பெர்பர்ஹாய் அருகே நடுவில் ஒரு பள்ளம் வருகிறது. அதைத் தாண்ட 1732 முதல் 1734 வரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, 16 மீட்டர் உயரம் வரை மண்கரை போட்டு, அதன் தலையில் வாய்க்காலை ஓட்டியிருக்கிறார்கள். மழையில் அங்கே நின்றேன். தண்ணீர் சத்தமே இல்லாமல் போகிறது.

குளங்களில் கரையை ஒட்டித் தண்ணீருக்கு மேல் ஒரு சின்ன மரக் குடில் இருக்கும். உள்ளே ஒரு தண்டு, அதைத் தூக்கினால் அடியில் மரக்குழாயின் அடைப்பு திறக்கும். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"ஏப்பா, இது நம்ம கண்மாய்க் குமிழி மாதிரில்ல இருக்கு?"

"ஆமாப்பா, அதேதான்."

"மடைக்கு ஆள் போட்டிருக்காங்களா?"

போட்டிருக்கிறார்கள் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் அந்தக் குமிழித் தூம்பு தூர்ந்துபோய்க் கல்தூண் இரண்டு மட்டும் நிற்கிறது.

8 ஜூன், ஞாயிறு, பிரவுன்லாகே

விடாத மழை. டோர்ஃப்ஹவுஸ் வரை ஏறி, ஓடர்டைக் அணையில் நின்று தேநீர் குடித்தேன். 1715 தொடங்கி 1722இல் முடித்த அணை, கிட்டத்தட்ட 170 வருஷம் ஜெர்மனியிலேயே பெரியது. சுற்றிலும் சதுப்பு, அதனால் தண்ணீர் தேயிலைச் சாயத்தில் இருக்கிறது. விரல் மரத்துப் பிரேக் பிடிக்க முடியாமல் போனதும் மீதித் தூரத்தைத் தார்ச் சாலையிலேயே முடித்துக்கொண்டேன். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஜூனிலும்.

9 ஜூன், திங்கள், ரயிலில்

காலையில் பழைய எல்லைக்கோட்டுப் பாதை. கிழக்கு ஜெர்மனிக் காவல் வண்டிகளுக்காக ஓட்டை ஓட்டையாக வார்த்த கான்கிரீட் பலகைகளை இரண்டு வரிசையாகப் பதித்த வழி. ஓட்டைகளில் புல் முளைத்திருக்கிறது, டயர் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற, பல் தாடை வரை அதிரும். நல்ல சரளை நாலு கிலோமீட்டரும் இது ஒரு கிலோமீட்டரும் சமம். ஆனாலும் இதைத் தவிர்க்காதீர்கள். வேலியால் ஆள் நுழையாமல் கிடந்த நிலம் இப்போது பசுமைப் பட்டையாகப் பாதுகாக்கப்படுகிறது, நாடு நெடுக ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். வழியில் சோர்கே, ஏலெண்ட் என்று இரண்டு ஊர். ஜெர்மனில் அந்தச் சொற்களுக்கு அர்த்தம் கவலை, துயரம். எல்லை ஓரத்தில் அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும்போது வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது.

ஷியர்க்கேயிலிருந்து புரோக்கன் உச்சிக்குத் தார்ச் சாலை உண்டு, சைக்கிளுக்கு அனுமதி, கார்களுக்கு இல்லை. பத்துப் பதினோரு கிலோமீட்டர் நிதானமான ஏற்றம். பாதி வழியில் நீராவி ரயில் ஊதிக்கொண்டு கடந்தது, ஜன்னலில் இருந்த குழந்தைகள் கையாட்ட, நானும் ஒரு கையை விட்டு ஆட்டினேன். மேலே ஒன்றுமே தெரியவில்லை, வருஷத்தில் சுமார் 300 நாள் மூடுபனி விழும் உச்சி அது. 1961இலிருந்து பொதுமக்கள் ஏற முடியாதபடி ராணுவம் அடைத்து வைத்திருந்தது, 1989 டிசம்பர் 3 அன்று மக்கள் திரண்டு வந்து கேட்டைத் திறக்க வைத்தார்கள். அந்தப் பனிக்குள் என்னைப் போல நனைந்த ஒரு முப்பது பேர் கல்லைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வயதான அம்மா ஒருவர் தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு சூப் ஊற்றிக் கொடுத்தார். கையை அதில் சூடுபடுத்திக்கொண்டுதான் இறங்கினேன், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு.

வெர்னிகெரோடேயில் ரயில் ஏறிவிட்டேன். செயினில் மணல் அரைக்கிறது, வீட்டுக்குப் போனதும் கழுவ வேண்டும். அப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. இன்று காலை கண்மாய்க்கு நடந்து போயிருக்கிறார், தூர்ந்த குமிழியின் கல்தூண் இரண்டும் நிற்கிற படத்தை அனுப்பி, அந்தத் தண்டு எத்தனை அடி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அளக்கவில்லை. செப்டம்பரில் மறுபடி வருவேன், அளவு நாடா எடுத்துக்கொண்டு.