தாய்மாமன் என்பதற்கு என்ன ஆதாரம்?

போன வருடம் ஆடி மாதம். காலை பத்து மணி இருக்கும். தறியில் புதுப் பாவு நூலை இணைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. காட்பாடி ஸ்டேஷனில் ஒரு பையன் தனியாக இருக்கிறான், மனப்பாடமாக இந்த நம்பரைச் சொல்கிறான், நீங்கள் அவனுக்கு யார் என்று கேட்டார்கள். "தாய்மாமனுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையே போதும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதைக் காகிதத்தில் காட்டிப் பையனை வீட்டுக்குக் கூட்டி வர இரண்டரை மாதம் ஆனது.

பையன் பெயரை எழுதவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளின் பெயர், படம், பள்ளிக்கூடம் எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. அவனுக்குப் பத்து வயது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தங்கை இறந்து மூன்று வருடம் ஆகிறது. மச்சான் கட்டட வேலைக்கு பெங்களூர் போய், அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பையனையும் கூடவே வைத்திருந்தார். அங்கே என்ன நடந்தது என்பது அவன் சொல்ல வேண்டிய கதை, நான் சொல்லக்கூடாது. விடியற்காலையில் ரயில் ஏறியிருக்கிறான். குடியாத்தத்தில் இறங்கி மாமா வீட்டுக்கு வருவதுதான் அவன் திட்டம். ஆனால் அவன் ஏறிய வண்டி குடியாத்தத்தில் நிற்காத வண்டி. ஊர் ஜன்னலில் ஓடி மறைய, அடுத்து நின்ற காட்பாடியில் இறங்கிவிட்டான். பிளாட்பாரத்தில் அழுதுகொண்டிருந்தவனை ரயில்வே போலீசார் பார்த்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவனை வேலூருக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். இப்படிக் கிடைக்கிற குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன்னால் கொண்டு போய் நிறுத்த வேண்டும். அங்கே போய், "என் தங்கச்சி பையன், கூட்டிட்டுப் போறேன்" என்றேன். முடியாது, விசாரணை முடியும் வரை பையன் குழந்தைகள் இல்லத்தில்தான் இருப்பான் என்றார்கள். என் கண்ணெதிரேதான் அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. இப்போது யோசித்தால், மாமன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடமெல்லாம் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தால், ரயில்வே ஸ்டேஷனில் யார் யாரெல்லாம் மாமனாக வந்து நிற்பார்கள்?

வீட்டில் 'ஹோம்' என்ற சொல்லைக் கேட்டதுமே என் மனைவி அழ ஆரம்பித்தாள். தெருவில் ஆளுக்கொரு யோசனை. திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடு என்றார் ஒருவர். சத்துவாச்சாரியில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் குறைதீர்வு நாள் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். அங்கிருந்த ஊழியர் படித்துப் பார்த்துவிட்டு, "இதை குழுதாங்க முடிவு பண்ணணும், இங்க சுத்தாதீங்க" என்றார். வக்கீல் வை என்றார் இன்னொருவர். அதற்கு மூவாயிரம் ரூபாய் போனது. குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு என்பது உண்மைதான். அதற்காகக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதில்லை. நாமே போய் நம் வாயால் சொல்லலாம். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்தப் பணத்தில் பையனுக்கு இரண்டு செட் துணி எடுத்திருப்பேன்.

முதல் முறை உள்ளே கூப்பிட்டபோது பெண் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "தாய்மாமன்னு சொல்றீங்க. அதுக்கு என்ன ஆதாரம்?"

வாயடைத்துப் போனேன். அவனுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார வைத்தோம். செல்லில் இருந்த போட்டோவைக் காட்டினேன். அந்த அம்மா பார்த்து லேசாகச் சிரித்தார். "நல்லா இருக்கு. ஆனா ஃபைல்ல வைக்க ஏதாவது வேணும்." என் ஆதாரில் அப்பா பெயர் இருக்கிறது. தங்கை ஆதாரில் அவள் வீட்டுக்காரர் பெயர். ஸ்மார்ட் கார்டு அவளுக்குத் தனி, எனக்குத் தனி. நானும் அவளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை எந்த அட்டையும் சொல்லவில்லை. சீர் செய்யவும் மாலை போடவும் ஊரே தேடுகிற தாய்மாமனுக்கு ஆபீஸில் ஒரு காகிதம்கூட இல்லை.

கடைசியில் அம்மாவின் தகரப் பெட்டிதான் கை கொடுத்தது. அடியில், கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கீழே, பழைய ரேஷன் கார்டு. ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. மண்ணெண்ணெய் வாங்கிய கட்டங்களில் கிறுக்கல். ஆனால் உள் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், அடுத்து என் பெயர், அதற்கு அடுத்து தங்கை பெயர், வயது ஆறு. அதன் நகலையும், எங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்களையும், பையனின் பிறப்புச் சான்றிதழையும், தங்கையின் இறப்புச் சான்றிதழையும் வைத்து வி.ஏ.ஓ.விடம், நாங்கள் அண்ணன் தங்கை என்று விசாரித்து எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். இதையெல்லாம் ஒரே நாளில் கொண்டு போயிருந்தால் மூன்று நடை மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது வீட்டு விசாரணை. இதைச் சமூக விசாரணை அறிக்கை என்கிறார்கள், பதினைந்து நாளில் கொடுக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். சமையல்கட்டு, கக்கூஸ், பையன் எங்கே படுப்பான், என் பெண்ணுக்கு இதில் சம்மதமா என்று எல்லாம் பார்த்தார், கேட்டார். தறிக்குழியைப் பார்த்து, "ராத்திரி எழுந்து வந்தா விழுந்துட மாட்டானா?" என்றார். இருபது வருடமாக அந்தக் குழியில் கால் வைத்து நெய்கிறேன், எனக்குத் தோன்றியதே இல்லை. மறுநாளே பலகை அடித்து மூடி போட்டேன். பக்கத்து வீட்டில் நான் குடிப்பேனா என்று விசாரித்தாராம். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான்.

எங்கள் பக்க அறிக்கை சீக்கிரம் வந்துவிட்டது. இழுத்தது பெங்களூர் பக்கம். தகப்பன் உயிரோடு இருக்கிறவரை அவர்தான் சட்டப்படி காப்பாளர், அவரைக் கேட்காமல் என்னிடம் கொடுக்க முடியாது. அங்கேயுள்ள அதிகாரிகள் மூலம் அவரைத் தேடி, அவர் வேலூருக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை வாரம் ஒரு முறை பையனைப் பார்க்கப் போவேன். வீட்டில் செய்த முறுக்கை வாங்க மாட்டார்கள், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் என்றால் சரி. ஒரு முறை போனபோது, "மாமா, அந்த ரயிலு ஏன் நம்ம ஊர்ல நிக்கல?" என்றான். என்ன சொல்வது?

அவனையும் கேட்டார்கள். என்னையும் மச்சானையும் வெளியே அனுப்பிவிட்டு, ஆற்றுப்படுத்துநர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசினார்கள். மனம் விட்டுப் பேச வைத்து ஆலோசனை சொல்கிற கவுன்சிலருக்கு அரசாங்கம் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் அது. நல்ல பெயர். அரை மணி நேரம். வெளியே பெஞ்சில் நானும் மச்சானும் பேசிக்கொள்ளவே இல்லை. பிறகு மச்சான், பையன் என்னிடம் இருக்கச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவன் தலையைத் தடவினார். அவன், "நைனா, சாப்டியா?" என்றான்.

இங்கே பலரும் குழம்புகிற ஒன்று இருக்கிறது. நானும் குழம்பினேன். குழு என்னிடம் பையனைக் கொடுத்தது தத்து அல்ல. தத்துக்குத் தனி வழி உண்டு, இப்போது அதற்கான ஆணையை மாவட்ட ஆட்சியர் தருகிறார். வளர்ப்புப் பராமரிப்பு என்பதும் இது அல்ல. அது உறவில்லாத வேறொரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, குழந்தையைக் கொஞ்ச காலம் வைக்கிற ஏற்பாடு. எங்கள் தெருவில் கல்யாணமாகாத டீச்சர் ஒருவர் தனக்கு அது கிடைக்குமா என்று என் மூலம் கேட்டார். 2024-இல் வந்த புது வழிகாட்டுதலில் தனி ஆட்களும் விண்ணப்பிக்கலாம், இரண்டு வருடம் வளர்த்த பிறகு தத்தெடுக்கவும் கேட்கலாம், முன்பு அது ஐந்து வருடம் என்றார்கள். என்னைப் போன்ற உறவுக்காரர்களுக்கு இருப்பது நிதி ஆதரவுத் திட்டம். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். வருட வருமானம் கிராமம் என்றால் 72,000, நகரம் என்றால் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. எங்கள் ஊர் நகரக் கணக்கில் வருகிறது; கூலிக்குக் கைலி நெய்கிற எனக்கு 84,000 என்று சான்று வந்ததால் தப்பித்தேன். மாதம் எட்டாயிரத்துக்கு மேல் ஐந்நூறு கூடச் சம்பாதிக்கிறவன் என்ன பணக்காரனா? இந்த வரம்பு எனக்குப் புரியவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு தகராறு. பெங்களூரிலிருந்து டி.சி. வராமல் சேர்க்க மாட்டோம் என்றார்கள். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தில் இருப்பதாகப் பாதுகாப்பு அலகில் சொல்லிக் கடிதமும் கொடுத்தார்கள். மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கன்னடத்தில் படித்தவன், 'ழ' எழுதத் திணறுகிறான். என் பெண் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறாள்.

அடுத்து தை மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு குழு முன்னால் மறுபடி போக வேண்டும். பழைய ரேஷன் கார்டை லேமினேஷன் போடலாம் என்று எடுத்துப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர், சூட்டில் தாள் பொசுங்கிவிடும், வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதே தகரப் பெட்டியில், இந்த முறை மேலாக வைத்திருக்கிறேன்.