பொருளாளர் வேலை

எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர்) இளையோருக்கான தொண்டு நிறுவனம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் நான் பொருளாளர். சம்பளம் கிடையாது. இளையோரோடு உட்கார்ந்து பேசலாம் என்று ஆசையாக வருபவர்கள் முதல் கூட்டத்திலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது வரவு செலவு, தணிக்கை அறிக்கை, ஒப்பந்தம். ஆலோசனை சொல்வது பயிற்சி பெற்ற ஊழியர்களின் வேலை. அவர்களுக்குச் சம்பளம் தடையில்லாமல் போகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

எங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நன்கொடையாளர் சிலர் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் கேட்பார்கள். கொடுக்க முடியாது. தன் அடையாளத்தை வீட்டில் இன்னும் சொல்லாத பிள்ளையின் பெயர் ஒரு தாளில் வெளியே போனால் போதும், அந்தப் பிள்ளைக்குத் தங்க இடமில்லாமல் போகலாம். எண்ணிக்கை தருவோம், வயதுவாரியாகவும் பிரித்துத் தருவோம், பெயர் மட்டும் தரமாட்டோம். இதனால் ஒரு பெரிய நிதி கைநழுவியது. எனக்கு வருத்தமில்லை. சரி, கொஞ்சம் உண்டு.

அப்புறம், குழுவில் இளையோருக்கும் வாக்குரிமையோடு இடம் உண்டு. கூட்டத்தை வேலைநாள் பகலில் வைத்துவிட்டு ‘அவர்கள் வருவதே இல்லை’ என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம். மாலைக்கு மாற்றிய பிறகு, என் கணக்கறிக்கையை வரிவரியாகக் குடைபவர்கள் அவர்கள்தான்.